நான் திருத்திய விமானம்

பிழையைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. அது ஒரு நல்ல குணம் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிட்னியில் செவன் ஹில்ஸில் உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு பார்ப்பது என் வேலை. மெஷினிலிருந்து வரும் பாகத்தை எடுத்து, வரைபடத்தில் சொன்ன அளவோடு ஒத்துப்பார்த்து, மயிரிழை பிசகியிருந்தாலும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். அதைச் செய்தவனுடைய முகத்தைப் பார்க்கமாட்டேன். பென்டில் ஹில் கடையில் இடியப்ப மாப் பைக்கற்றில் நிறையைப் பிழையாக அச்சடித்திருந்தால், காசு வாங்குகிறவரிடம் அதைச் சொல்லாமல் வெளியே வரமாட்டேன். இதற்குப் பயந்தே என் மனைவி காருக்குள் இருந்துகொண்டு என்னை மட்டும் கடைக்குள் அனுப்புவாள்.

2009இல் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளம் இல்லை. கணினியில் இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களை ஓட்டும் ஒரு சிமுலேட்டர். யாராவது அதை விளையாட்டு என்று சொன்னால், விளையாட்டு இல்லை, சிமுலேட்டர் என்று திருத்துவேன். காற்று, எடை, எண்ணெய், வெப்பம் எல்லாவற்றுக்கும் அதில் கணிதம் இருக்கிறது. அந்தக் கணிதத்தில் பிழையும் இருந்தது. அந்தப் பிழைகளைத் திருத்த உலகத்தின் நாலு மூலையிலும் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. என் பங்குக்கு வந்தவை ஜப்பானியச் சண்டை விமானங்கள், அதிலும் அவற்றின் ஆயுதங்கள்.

ஜப்பானிய இராணுவம் ஒரு விமானத்தின் வகைகளைக் கோ, ஒட்சு, ஹெய், தெய் என்று வரிசைப்படுத்தியது. நாங்கள் அ, ஆ, இ, ஈ என்று போடுவதைப்போல. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் பெரும்பாலும் சுடும் துவக்குகளில் இருக்கும். ஹயபுசா என்ற விமானத்தின் கோ வகையில் மூக்கில் இரண்டு சின்னத் துவக்குகள். ஒட்சுவில் ஒன்று சின்னது, மற்றது பெரியது. ஹெய்யில் இரண்டும் பெரியவை. சீரோ விமானத்தின் ஆரம்ப வகையில், இறக்கையில் இருந்த ஒவ்வொரு பீரங்கிக்கும் அறுபது குண்டுகள்தான். விசையை ஏழு விநாடி அழுத்திப் பிடித்தால் காலி. சிமுலேட்டரைச் செய்தவர்கள் தாராள மனத்தோடு நூறு கொடுத்திருந்தார்கள். அந்த நாற்பது குண்டுகளைப் பறிப்பதற்கு நான் மூன்று வாரம் மின்னஞ்சலில் சண்டை பிடித்தேன். பறித்தும்விட்டேன்.

எங்கள் குழுவுக்கு மூத்தவர் மெல்பேர்னில் இருந்த ஒரு கிழவர், அச்சகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது: நேரில் கண்டவன் சொன்னான் என்பது ஆதாரம் ஆகாது. பயந்தவனுக்கு நாலு துவக்கு எட்டாகத் தெரியும், வென்றவனுக்கு அவன் அடித்த விமானம் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும், ஆகவே வரைபடத்தையும் தொழிற்சாலைப் பதிவையும் மட்டும் நம்பு என்பார். எனக்கு அந்தச் சட்டம் தேனாக இனித்தது. நான் தொழிற்சாலையில் பழகியதும் அதைத்தானே.

ஏன் ஜப்பான் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "அந்தச் சண்டையில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை" என்றேன். அதுவும் முழு உண்மையில்லை. ஜப்பான்காரன் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் வந்து குண்டு போட்டவன்தான். ஆனால் அது நான் பிறப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முந்திய கதை. எனக்குக் கோபம் வராத ஒரு யுத்தம் தேவைப்பட்டது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. அவன் வன்னியில் கடைசி யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தான். சித்திரை பிறந்து வைகாசி முடியும்வரை அவள் தொலைபேசியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. குசினி அடுப்படியில் நின்றுகொண்டு கனடாவுக்கும் இலண்டனுக்கும் அடித்து, யாராவது அவனைக் கண்டார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த அறையில் நான் ஹியென் விமானத்தின் ஹெய் வகைக்கு ஜெர்மனியிலிருந்து வந்த பீரங்கிகளை எந்த மாதத்திலிருந்து பூட்டினார்கள் என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய குரல் எனக்குக் கேட்டது. கேட்காமல் இருப்பதற்காகத்தான் அட்டவணை போட்டேன் என்று இப்போது சொல்லலாம். அப்போது அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அட்டவணை முடிய வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பி உயிரோடு இருந்தான். முகாமிலிருந்து வெளியே வந்து, எப்படியோ இந்தோனேசியாவுக்குப் போய், 2010இல் படகில் வந்து சேர்ந்தான். சில மாதங்கள் கிறிஸ்மஸ் தீவில் வைத்திருந்துவிட்டு வில்லாவுட் தடுப்பு முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலமும் இல்லை. என் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தபோது அவனுக்கு எட்டு வயது. இப்போது இருபத்துநாலு. முதல் நாள் பார்க்கப் போனபோது அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்தபடியே இருந்தாள். அவன் என்னைப் பார்த்து, "எப்பிடி இருக்கிறியள் அத்தான்?" என்று, நானே உள்ளே இருப்பதுபோலக் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் போவோம். தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மணிக்கட்டில் பட்டி கட்டிக்கொண்டு உள்ளே போனால், பிளாஸ்டிக் கதிரைகளும் மேசைகளும் போட்ட ஒரு முற்றம். பக்கத்து மேசையில் ஒரு ஈரானியக் குடும்பம், அதற்கடுத்த மேசையில் எங்கள் ஊர் ஆட்கள் சிலர். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்கள். இன்ரவியூ வந்ததா, றிஜெக்ற் வந்ததா, யாருக்கு விசா வந்தது.

தம்பியின் வழக்கை எடுத்த சட்டத்தரணி இளம் பெண். நல்ல மனம், ஆனால் மேசை நிறைய கோப்புகள். அவனுடைய வாழ்க்கைக் கதையை முதலிலிருந்து ஒழுங்காக எழுதித் தந்தால் சத்தியக் கடதாசி தயாரிக்கச் சுலபமாக இருக்கும் என்று எங்களிடம் சொன்னாள். அந்தக் கடதாசியை வைத்துத்தான் அதிகாரி அவனை விசாரிப்பார். அதில் சொன்னதும் அவன் வாயால் சொல்வதும் ஒத்துப்போனால் விசா. போகாவிட்டால் மறியலில் அடைத்து வைப்பது நீளும், திருப்பி அனுப்பவும் கூடும். நான் எழுதித் தருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். வரைபடத்தையும் பாகத்தையும் ஒத்துப்பார்க்கிறவனைவிட இதற்குத் தகுந்தவன் யார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அடுத்த ஞாயிறு எழுதுகொப்பியோடு போனேன்.

"முதல்ல இருந்து ஒழுங்காச் சொல்லு. அம்மாவுக்கு என்ன நடந்தது?"

அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி எழுந்து தேத்தண்ணி எடுக்கப் போய்விட்டாள். தாய் செத்த செய்தி அவளுக்குச் சிட்னிக்கு ஒரு கடிதத்தில் வந்தது. விமானத் தாக்குதலில் இறந்துபோனா என்று ஒரே வரி. அதற்கு மேல் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"கிபிர் வந்து அடிச்சது அத்தான். அம்மா செத்துப்போனா. பிறகு பெரியம்மாவோட வன்னிக்குப் போனனான்."

நான் பேனையை நிறுத்தினேன். "எப்ப நடந்தது?"

"பெரிய இடப்பெயர்வுக்கு முன்னம். தொண்ணூற்றைஞ்சாம் வருசம் ஆடி மாதம்."

"அப்ப அது கிபிரா இருக்கேலாது."

அவன் என்னைப் பார்த்தான்.

"கிபிர் வந்தது அதுக்குப் பிறகுதான். அந்த நேரம் அரசாங்கத்திட்ட இருந்தது வேற பிளேன்கள். காத்தாடிச் சத்தமோ, ஜெற் சத்தமோ?"

"பெருஞ்சத்தம் அத்தான்."

"குண்டு போட்டதோ, சுட்டதோ?"

"ரெண்டும் எண்டுதான் சனம் கதைச்சது."

"அப்ப புக்காரா" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. ஒளித்து என்ன பயன்? சிவப்புப் பெட்டிக்குள் ஒன்றைப் போடும்போது வருகிற அதே சந்தோசம்தான்.

எங்கள் ஊர்ச் சனம் வானத்தில் வந்த எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தது. சியாமாசெட்டி, சகடை, புக்காரா, சுப்பசொனிக். குஞ்சு குருமான் எல்லாம் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லும். பிறகு கிபிர் வந்தது. அதன் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மற்றப் பெயர்கள் மறந்துபோயின. அதற்கு முன்னர் நடந்த சாவுகளையும் கிபிர் அடித்தது என்றே சொல்லத் தொடங்கினார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் சொன்னதை ஒரு பிழையாகத்தான் பார்த்தேன். ஒரு அதிகாரி திகதியையும் விமானத்தையும் ஒத்துப்பார்த்தால் பிடித்துவிடுவானே என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் எழுதினேன். எட்டுப் பக்கம். தாயின் மரணத்துக்கு நான் எழுதிய வாக்கியம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். இரண்டு இருபது மில்லிமீற்றர் பீரங்கிகளும் நான்கு இயந்திரத் துவக்குகளும் பொருத்திய புக்காரா ரகத் தாக்குதல் விமானம் ஒன்று தாழப் பறந்து சுட்டதில் என் தாயார் கொல்லப்பட்டார். எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். சுத்தமான வாக்கியம் என்று பட்டது. பீரங்கி இருபது மில்லிமீற்றர்தானா என்று புத்தகத்தை எடுத்து ஒருமுறை சரிபார்த்தும் கொண்டேன். அந்த ஒரு தகவல் மட்டும் சரியாகத்தான் இருந்தது.

சட்டத்தரணி அதைத் தட்டச்சுச் செய்து, மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் வைத்து, வரி வரியாக அவனுக்கு வாசித்துக் காட்டினாள். எல்லாம் சரியா என்று கேட்டாள். "ஓம்" என்றான். ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். "இல்லை" என்றான். எங்கள் வீடுகளில் தமக்கையின் புருசன் எழுதிக்கொடுத்ததைப் பிழை என்று சொல்கிற வழக்கம் இல்லை. அத்தான் படித்தவர், அத்தானுக்குத் தெரியும். கீழே கையெழுத்துப் போட்டான்.

விசாரணைக்கு நான் போகவில்லை. என்ன நடந்தது என்று சட்டத்தரணி பிறகு சொல்லித்தான் தெரியும். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டாராம். உங்கள் தாயாரைக் கொன்றது எந்த விமானம்? அவன் வாய் தன் பழக்கத்தில் "கிபிர்" என்று சொல்லிவிட்டது. அதிகாரி கடதாசியைப் புரட்டி, இதில் புக்காரா என்றிருக்கிறதே என்றார். "ஓம், அதுதான்" என்றான். இந்த விமானத்தில் என்னென்ன துவக்குகள் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்தது? பேசாமல் இருந்தான். பிறகு இதை எங்கே படித்தீர்கள்? பேசாமல் இருந்தான். யார் உங்களுக்குச் சொல்லித்தந்தது? அதற்கும் பேசாமல் இருந்தான்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. நிராகரிப்பு. சட்டத்தரணி என்னைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு நாலாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். சாதாரணக் குடிமகன் ஒருவரிடம் எதிர்பார்க்க முடியாத ஆயுத அறிவு எழுத்து வாக்குமூலத்தில் தெரிகிறது, நேரில் கேட்டபோது முரணான பதில் சொன்னார், அந்த அறிவை யாரிடமிருந்து பெற்றார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, ஆகவே தன் கடந்தகாலத்தை அவர் முழுமையாக வெளிப்படுத்துகிறார் என்று ஏற்க முடியாது. இயக்கப் போராளி என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் வாசிக்கிற யாருக்கும் அது தெரியும்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு சாதாரண ஆளுக்கு இது தெரியாது என்று இவர் எப்படி முடிவெடுப்பார்? எனக்குத் தெரியுமே, நான் என்ன துவக்குத் தூக்கினேனா என்று உரத்துக் கேட்டுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வரியை எழுதினது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆம் என்றேன்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

நான் விளக்கத் தொடங்கினேன். சிமுலேட்டர் என்றேன். ஜப்பானிய விமானங்கள் என்றேன். கோ, ஒட்சு, ஹெய் என்று சொன்னதும் அவளுடைய முகத்தில் என்ன வருகிறது என்று கண்டு நிறுத்திக்கொண்டேன். என் வயது அப்போது நாற்பத்தாறு. ஒரு மனிதன் மறியலில் கிடப்பதற்குக் காரணம் கேட்கிறார்கள், நான் ஹயபுசாவின் மூக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அவர் ஏன் உங்கள் பெயரைச் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். கடதாசியை வேறு ஆள் எழுதிக்கொடுத்தது குற்றம் என்று நினைத்திருப்பான். அத்தானுக்கு வேலை போகும், வீட்டுக்குப் பொலிஸ் வரும், அக்காவின் குடும்பம் அல்லாடும் என்று பயந்திருப்பான். அவன் வளர்ந்த இடத்தில், யார் சொல்லித்தந்தது என்று ஒரு அதிகாரி கேட்டால் பெயர் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த ஆள் உயிரோடு இருக்கமாட்டான். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மறுபரிசீலனைக்குப் போகலாம் என்றாள். ஆனால் அந்த வரி என்னுடையது என்று நான் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரமும் வேண்டும்.

ஆதாரத்துக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. மூன்று வருடத்து அட்டவணைகள், மின்னஞ்சல்கள், குழுவில் எழுதிய பதிவுகள், புக்காராவைப் பற்றி ஒருவரோடு மல்லுக்கட்டிய பதிவு ஒன்றும்கூட. எல்லாவற்றையும் அச்செடுத்தேன். மெல்பேர்ன் கிழவருக்கு விஷயத்தை எழுதி, இந்த ஆளை எனக்கு இந்த வழியில்தான் தெரியும் என்று ஒரு கடிதம் கேட்டேன். அன்றைக்கே அனுப்பினார். கடிதத்தின் கீழே எனக்கென்று தனியாக, என்னை மன்னித்துக்கொள் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு உடனே விளங்கவில்லை; அவர் வைத்த சட்டம் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இனி மனைவியிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு நிராகரிப்பு என்பது மட்டும் தெரியும், காரணம் தெரியாது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் வேலையால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் குசினி வாசலில் நின்று சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை வெட்டினாள். பிறகு கத்தியை வைத்தாள்.

"அப்ப அவன் வாய் திறக்காமல் இருந்தது உங்களுக்காகவோ?"

"ஓம்."

"உங்கட விளையாட்டுக்கு என்ர தம்பிதானோ கிடைச்சவன்?"

நான் எதையும் திருத்தவில்லை.

"அவனுக்கு இஞ்ச ஆரப்பா இருக்கினம்? என்னையும் உங்களையும் விட்டால் ஆர் இருக்கினம்? அவன் பாட்டுக்குக் கிபிர் எண்டு சொல்லியிருப்பான். கிபிர் எண்டால் என்ன, புக்காரா எண்டால் என்ன? செத்தது அம்மாதானே!"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அடுத்த பத்து நாளும் சாப்பாடு மேசையில் இருக்கும், அவள் இருக்கமாட்டாள். தேவைக்கு மட்டும் பேசினாள். நானும் என் பாட்டில் வேலைக்குப் போய் வந்தேன். தொழிற்சாலையில் ஒரு வியட்நாமியப் பெடியன் கொண்டுவந்த பாகம் கொஞ்சம் பிசகியிருந்தது. சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன். அது என் வேலை, போடத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு அவனுடைய முகத்தைப் பார்த்தேன்.

வழக்கின் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுபரிசீலனையில் அவனை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் பாதுகாப்புச் சோதனை என்று மாதக்கணக்கில் இழுபட்டது. 2012இல் ஒரு குளிர்காலக் காலையில், கையில் ஒரு பையோடு வெளியே வந்தான். என் வரி இல்லாதிருந்தால் ஒரு வருடம் முந்தி வந்திருப்பான் என்று சட்டத்தரணி சொன்னாள். நான் கேட்டதால் சொன்னாள். சிமுலேட்டரை அன்றைக்கே கணினியிலிருந்து அழித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழிக்கவில்லை. இரண்டு மாதம் தொடாமல் இருந்தேன், பிறகு தொட்டேன். இப்போதும் சனிக்கிழமை காலையில் சில வேளை ஓட்டுவேன். முன்னைய சந்தோசம் இல்லை.

இதெல்லாம் பிறகு நடந்தது. நான் சொல்ல வந்தது மறுபரிசீலனைக்கு முன்னர் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை.

அன்றைக்கு மனைவியும் வந்தாள்.  அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். எங்கள் ஆட்களில் வயதுக்கு மூத்தவன் இளையவனிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லை. அதற்கு ஒழுங்கான சொல்லும் எனக்குத் தெரியவில்லை. முற்றத்தில் வெயில் நன்றாக அடித்தது. மூன்று பேரும் கதிரைகளை நிழலுக்கு இழுத்துப்போட்டு இருந்தோம்.

"தம்பி, அந்தக் கடதாசியில நான் எழுதினதுதான் பிழைச்சது. நீ என்ர பேரைச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒண்டும் நடந்திருக்காது. நான் உன்னை... நான் அப்பிடி எழுதியிருக்கக்கூடாது" என்றேன்.

"பறவாயில்லை அத்தான். நீங்கள் நல்லதுக்குத்தானே எழுதினியள்" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு மேசைக்கு மேலால் என் பக்கம் சரிந்து, தணிந்த குரலில் கேட்டான்.

"அடுத்தமுறையும் கேப்பாங்கள் என்ன? அந்தப் பேரை ஒருக்காச் சொல்லித்தாங்கோ அத்தான். எத்தினை துவக்கு, என்ன துவக்கு எண்டும் சொல்லுங்கோ. போனமுறை எனக்கு ஞாபகம் வரேல்லை. இந்தமுறை வடிவாப் பாடமாக்கிறன்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தான். என் பெரிய வாக்கியம் அதில் தமிழ் எழுத்தில் இருந்தது. ஆங்கிலச் சொற்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதிவைத்திருந்தான். யாரையோ கேட்டு எழுதியிருக்கிறான். சில சொற்களின் கீழே கோடு போட்டிருந்தது. வாசித்துப் பார்த்துப் பழகியிருக்கிறான்.

 அந்தத் தாளை அவனிடமிருந்து வாங்கி மடித்து என் பைக்குள் வைத்தேன்.

"ஒண்டையும் பாடமாக்காதை" என்றேன். "நான் சொன்னதையும் சொல்லாதை, சனம் சொன்னதையும் சொல்லாதை. உன்ர கண்ணால என்ன கண்டனியோ அதை மட்டும் சொல்லு. என்ன பிளேனைக் கண்டனி?"

 பிழை செய்து பிடிபட்டவனைப்போல அவனுடைய முகம் மாறியது.

"நான் பிளேனைக் காணேல்லை அத்தான்."

"காணேல்லையோ?"

"இல்லை. சத்தம் கேட்டவுடன அம்மா என்னைத் தள்ளி விழுத்திப்போட்டு எனக்கு மேல கிடந்தவ. நான் குப்புறக் கிடந்தனான். எனக்கு மண்தான் தெரிஞ்சது. பிளேன் எண்டு நான் ஒண்டையும் காணேல்லை. பிறகு எல்லாரும் கிபிர் எண்டவை. நானும் அப்பிடியே சொல்லிப் பழகிப்போனன்."

எழுதுகொப்பியோடு போனபோது நான் அவனிடம் சத்தம் எப்படி என்று கேட்டேன், குண்டா துவக்கா என்று கேட்டேன், மாதம் கேட்டேன். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை.

மனைவி இந்த முறை எழுந்து போகவில்லை. தம்பியின் கதிரையோடு தன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதினைந்து வருடமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"அம்மா ஏதும் சொன்னவவோடா?"

"ஓம் அக்கா. 'நான் சொல்லுமட்டும் எழும்பாதை' எண்டவ."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ சொல்லேல்லை அக்கா. நான் கனநேரம் அப்பிடியே கிடந்தனான்."